நான் விசில் ஊதி இறக்கியவர்கள்

பள்ளிக்கூடத்தில்கூட ஒரு பரிசு வாங்காதவள் நான். நாற்பத்து நாலு வயதில் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். நாலு மாடிக் கட்டடத்தை ஆறே நிமிஷத்தில் காலி செய்ததற்காக. கண்ணாடிச் சட்டம் போட்டு, கைகுலுக்கிப் படம் எடுத்து, 'சிறந்த ஃபயர் வார்டன்' என்று கம்பெனி முழுக்க மெயில் அனுப்பி, என் மானத்தை வாங்கினார்கள். ஏன் என்று சொல்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கே சில நாள் சிரிப்பு வருகிறது.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் மருந்து டப்பா லேபிள்களைச் சரிபார்க்கும் கம்பெனி எங்களுடையது. எங்கெங்கோ தயாராகிற மருந்து, எந்தெந்த ஊருக்கோ போகிற மருந்து, அதன் மேல் ஒட்டுகிற எழுத்து மட்டும் எங்கள் மேசைக்கு வரும். ஐந்து மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பது மில்லி என்று விழுந்துவிட்டால் யாரோ ஒருவரின் குழந்தைக்கு ஆபத்து. அதனால் எங்கள் மாடியில் ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே நம்புவது பெரிய குற்றம். முதலில் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், அவர் மேக்கர். இன்னொருவர் ஆரம்பத்திலிருந்து மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போடுவார், அவர் செக்கர். இரண்டு கையெழுத்தும் இல்லாவிட்டால் அது எங்களுக்கு வெறும் காகிதம். இந்த வியாதி வீட்டுக்கும் வந்துவிடும். என் வீட்டுக்காரர் 'கேஸை அணைச்சிட்டேன்' என்றால் நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவர் கத்துவார். நானும் பதிலுக்குக் கத்துவேன்.

என் செக்கர் ஒக்கலிபுரத்துக்காரி. என் வயதுதான் அவளுக்கும். ஒன்பது வருஷம் ஒரே மேசை, ஒரே டப்பா சாப்பாடு, நான் போட்ட ஒவ்வொரு கையெழுத்துக்கும் கீழே அவள் கையெழுத்து. வேலையில் என்னை ஒரு நாளும் நம்பமாட்டாள். 'இன்னாடி, தூங்கிக்கிட்டே பார்த்தியா?' என்று ஒரு புள்ளி விட்டுப்போனாலும் சிவப்புப் பேனாவில் வட்டம் போடுவாள். வேலையை விட்டு எழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள். தன் பெண்ணின் கல்யாணப் புடவையை என்னைத் தனியாக அனுப்பி எடுத்துவரச் சொன்னவள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை ஃபயர் வார்டன் ஆக்கியது என் தொண்டை. 'நீங்க கோலார் தங்கவயல்தானே, சைரன் எல்லாம் உங்களுக்குப் பழக்கம்தானே' என்று மேனேஜர் சொல்லி ஒரு ஆரஞ்சுச் சட்டையும் விசிலும் கொடுத்தார். பழக்கம்தான். என் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கிய மனுஷன். வேளை கெட்ட வேளையில் சைரன் அடித்தால், உள்ளே விபத்து என்று எங்கள் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடுவார்கள். இது நிஜமா பொய்யா என்று நின்று கேட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அதனால் அந்த விசிலை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற மாடி வார்டன்கள் சட்டையை நாற்காலியில் தொங்கவிட்டிருப்பார்கள், நான் வாரம் ஒரு முறை துவைத்து இஸ்திரி போடுவேன். அவ்வளவு பைத்தியக்காரி.

போன வருஷம் ஒரு புதன்கிழமை எச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டார். முப்பது வயதிருக்கும், கையில் எப்போதும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருக்கும், நடக்கும்போது அது டொக்கு டொக்கென்று மேசைகளில் இடிக்கும். 'நாளைக்குக் காலைல ஃபயர் ட்ரில். ஒருத்தர்கூட மேல இருக்கக் கூடாது. பை, லேப்டாப், டிபன் எதையும் எடுக்க விடாதீங்க. நிஜமான தீ மாதிரி இருக்கணும்' என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரி மண்டையை ஆட்டினேன். ஆட்டியது மட்டுமா, வீட்டுக்குப் போய் விசிலை வெந்நீரில் கழுவினேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு மணி அடித்தது. நான் விசில் ஊதினேன். எல்லாரும் முனகிக்கொண்டே எழுந்தார்கள். ஒக்கலிபுரத்துக்காரி மட்டும் எழவில்லை. அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது.

'நான் வரல போ. சொம்மா ட்ரில்தானே. நாலு மாடி இறங்கிடுவேன், ஏறும்போது யாரு, நீயா தூக்கிட்டு வருவே?'

'ரூல்னா ரூல்தான். எழுந்திருடி.'

'உன் விசிலைப் பிடுங்கி உன் வாயிலயே அடைக்கணும்.'

லிஃப்ட்டில் போகக் கூடாது. ஒரு கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், மறு கையால் அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு படியாக இறக்கினேன். ஒவ்வொரு படிக்கும் அவள் என் பரம்பரையைத் திட்டினாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினோம்.

கீழே பார்க்கிங்கில் பச்சைப் பலகை அடியில் எல்லாரையும் நிறுத்தித் தலை எண்ணினேன். ஒருத்தர்கூடப் பாக்கியில்லை. மேலே பார்த்தால் நாலாவது மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் எச்.ஆர். மேடம் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நானும் காட்டினேன். பெருமை வேறு.

இனி மேலே போக வேண்டும். எங்கள் வாசலில் கார்டு காட்டினால் திறக்கிற கண்ணாடிக் கதவு வரிசையாக இருக்கும். பச்சை விளக்கு எரிந்தால் திறக்கும், சிவப்பு எரிந்தால் திறக்காது. அந்த மெஷின் சனியன் நல்ல நாளிலேயே பாதிப் பேருக்குச் சிவப்புக் காட்டும். கார்டைச் சட்டையில் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தால் திறந்துவிடும். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் அது. அதனால் அன்றைக்கு முதல் ஆளுக்குச் சிவப்பு எரிந்ததும் யாரும் கவலைப்படவில்லை. அவர் பேண்ட்டில் தேய்த்தார். மறுபடி சிவப்பு. அடுத்தவருக்கும் சிவப்பு, அவர் முழங்கையில் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் நின்றுகொண்டு பரக்கப் பரக்கக் கார்டு தேய்க்கிறார்கள். பார்க்க ஏதோ பூஜை நடக்கிற மாதிரி இருந்தது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேளுங்கள். 'தள்ளாதீங்க, தேய்ச்சவங்க ஓரமா நில்லுங்க, பச்சை வந்தவங்க போங்க' என்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன்! ஒக்கலிபுரத்துக்காரிக்கும் சிவப்பு. மூன்று முறை சிவப்பு. 'இங்க கொடு' என்று அவள் கார்டை வாங்கி என் ஆரஞ்சுச் சட்டையில் சூடு கிளம்பத் தேய்த்து நானே மெஷினில் வைத்தேன். சிவப்பு.

அப்போதுதான் ரிசப்ஷன் பக்கத்திலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். கோட்டுப் போட்டிருந்தார்கள். முன்பின் பார்த்ததில்லை. சிவப்பு எரிந்தவர்களின் பேரைக் கேட்டுக் கேட்டு ஆளுக்கொரு வெள்ளைக் கவர் கொடுத்தார்கள். தபால்காரர் மாதிரி அவ்வளவு சாதாரணமாக. கவருக்குள் என்ன எழுதியிருந்தது என்று எல்லாருக்கும் தெரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உங்கள் சேவைக்கு நன்றி, இன்றோடு முடிந்தது, உங்கள் சாமான்கள் வீட்டுக்கு வரும்.

ஆபீஸுக்கு வந்தவர்களை ஆபீஸுக்குள் வைத்துச் சொன்னால் அழுவார்கள், மேசையைப் பிடித்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வேலை கெடும். அதனால் எல்லாரையும் ஒரே அடியாக வெளியே கொண்டுவந்துவிட்டு, வேண்டியவர்களை மட்டும் உள்ளே விட்டால் போதும் என்று எந்த மகராசனுக்கோ யோசனை வந்திருக்கிறது. அந்த மூளைக்குத்தான் சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும்.

ஒக்கலிபுரத்துக்காரி கவரைப் படித்துவிட்டு என் சட்டையைப் பார்த்தாள். 'உனக்குத் தெரியுமா?' என்றாள்.

'ஐயோ, என் பிள்ளை மேல சத்தியமா தெரியாதுடி.'

அவள் டிபனும் கைப்பையும் வலி மாத்திரையும் மேலே இருந்தன. நான் எடுத்துவருகிறேன் என்று ஓடினேன். என் கார்டுக்குப் பச்சை எரிந்து கதவு பளிச்சென்று திறந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே போனால் மேசைகளுக்குக் குறுக்கே நாடா கட்டிவிட்டார்கள், தொடக் கூடாதாம். நான் கத்தி ரகளை பண்ணிக் கைப்பையை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்குவதற்குள் அவள் ஆட்டோவில் போய்விட்டாள்.

அடுத்த நாள்தான் அந்த மெயில் வந்தது. 'நேற்றைய ட்ரில் மாபெரும் வெற்றி, ஆறு நிமிஷம், உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை' என்று. கீழே என் படம். வேலை போனவர்களின் பேரை மெயில் பட்டியலிலிருந்து எடுக்க மறந்திருக்கிறார்கள், அதனால் அவர்களுக்கும் போயிருக்கிறது. ஒக்கலிபுரத்துக்காரிக்கும் போயிருக்கிறது. அன்றிலிருந்து அவள் என் போனை எடுக்கவில்லை. கைப்பையைக் கொடுக்கப் போனால் அவள் பெண் வாசலில் வந்து வாங்கிக்கொண்டு, 'அம்மா தூங்கறாங்க ஆன்ட்டி' என்றாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

சாமான்கள் அட்டைப்பெட்டியில் அவரவர் வீட்டுக்குப் போயின. லேபிளில் ஒரு புள்ளி தப்பினால் துள்ளிக் குதிக்கிற கம்பெனி, பெட்டி கட்டும்போது எந்தச் செக்கரையும் வைக்கவில்லை. ஒருவருக்கு இரண்டு இடது கால் செருப்பு போயிருக்கிறது. ஒக்கலிபுரத்துக்காரிக்கு யாரோ ஒருவனின் கிரிக்கெட் தொப்பியும் புரோட்டீன் பவுடர் டின்னும் போயின. இதெல்லாம் அவள் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மிச்சமிருந்த நாங்கள் அதற்கப்புறம் மனுஷர்களாக இல்லை. வேலை நேரத்தில் யாரும் கட்டடத்தை விட்டு இறங்குவதில்லை. எதிரே டீக்கடைக்காரர் ஒரு நாள் என்னைக் கேட்டில் மடக்கி, 'ஏன் மேடம், உங்க ஆபீஸ்ல எல்லாரும் டீயை விட்டுட்டாங்களா, ஏதாவது சாமிக்கு மாலை போட்டிருக்காங்களா?' என்று கேட்டார். பாத்ரூம் போனால்கூட லேப்டாப், சார்ஜர், டிபன் எல்லாவற்றையும் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவார்கள். பிறந்தநாள் கேக் கீழே கேண்டீனில் வெட்டுவது வழக்கம். பிறந்தநாள்காரர் வரவே இல்லை. கேக் லிஃப்ட்டில் மேலே வந்தது. அதையும் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வெட்டினார்.

எனக்கு வந்த மரியாதை தனி. கம்பெனியின் ரகசியத்தை எல்லாம் நான் இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மீதிப் பேர் காக்காய் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி மைசூர் பாக்கு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, 'அக்கா, அடுத்த ட்ரில் எப்பன்னு மட்டும் ஒரு வார்த்தை' என்றாள். எனக்கு ஒன்றும் தெரியாது தாயே என்று கும்பிட்டேன். 'புரியுது புரியுது, நீங்க சொல்ல முடியாதில்ல' என்று கண்ணடித்துவிட்டுப் போனாள். மைசூர் பாக்கு நன்றாகத்தான் இருந்தது, அதைச் சாப்பிட்டதுதான் நான் செய்த தப்பு. சாப்பிட்டதால் எனக்குத் தெரியும் என்று உறுதியாகிவிட்டது.

வார்டன் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எச்.ஆருக்கு எழுதிக் கொடுத்தேன். பதிலே இல்லை. ஒக்கலிபுரத்துக்காரியின் நாற்காலியில் புதிதாக ஒரு தம்பி செக்கராக வந்தான். இரண்டு வேளையும் விபூதி வைப்பான், என்னோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டான்.

எட்டு மாசம் இப்படிப் போயிற்று. ஒரு மழை நாள். மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டாவது மாடியில் யு.பி.எஸ். அறைக்குள் பேட்டரி வெடித்துப் புகை கிளம்பியது. நிஜமான புகை. மணி அடித்தது.

யாரும் எழவில்லை.

நான் விசில் ஊதினேன். மூச்சு முட்ட ஊதினேன். ஒருவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒருத்தி மேசைக்கு அடியில் காலை விட்டுக் கம்பியில் பின்னிக்கொண்டாள். ஒருவன் காதில் ஹெட்போனை மாட்டினான். 'டேய், புகை வருதுடா, எழுந்திருங்கடா!' என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

செக்கர் தம்பி மட்டும் திரும்பினான். மரியாதையாகத்தான் கேட்டான். 'மேடம், தீன்னு யார் பார்த்தது?'

'நான்தான் பார்த்தேன். மாடிப்படியில புகை இருக்கு.'

'நீங்க மேக்கர். செக்கர் யாரு?'

பளாரென்று ஒன்று வைக்கலாமா என்று கை பரபரத்தது. 'நீ வந்து பாரேன்!' என்றேன். அவன் எழுந்தான், பையை மாட்டினான், மாடிப்படிக் கதவு வரைக்கும் வந்தான், அதற்குமேல் ஒரு அடி வைக்கவில்லை. வாசலிலிருந்து மோந்து பார்த்துவிட்டு, 'வாசனை இருக்கு. ஆனா கம்பெனியே புகை மெஷின் வெச்சிருக்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவன் சொன்னது அவர்களுக்கு நியாயமாகப் பட்டது. எனக்கே ஒரு நொடி நியாயமாகப் பட்டது, அதுதான் பயங்கரம்.

எச்.ஆரிலிருந்து மெயில் வந்தது. 'அனைவரும் அமைதியாக வெளியேறவும்.' உடனே எல்லாருக்கும் போகிறபடி பதில்கள் பறந்தன. இந்த மெயிலில் அனுமதி எண் இல்லை. எத்தனையாவது திருத்தம் என்று குறிப்பிடவில்லை. 'வெளியேறவும்' என்பது தற்காலிகமாகவா நிரந்தரமாகவா என்று தெளிவுபடுத்தவும். ஒருவர் ஒரு காற்புள்ளியைத் திருத்தி அனுப்பினார். நெருப்பு பற்றிக்கொண்ட கட்டடத்தில் உட்கார்ந்து காற்புள்ளி திருத்துகிற ஜனத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு ஒன்பது வருஷம் சாப்பிட்டிருக்கிறேன்.

கடைசியில் ஒருத்தி சொன்னாள், 'போன தடவை எச்.ஆர். மேடம் மேலயே நின்னாங்க. அவங்க இறங்கினா நாங்க இறங்கறோம்.'

ஓடினேன். எச்.ஆர். மேடம் தன் அறையில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

'மேடம், நீங்க இறங்குங்க. நீங்க இறங்கினாத்தான் அவங்க இறங்குவாங்க.'

'எனக்கு ஒரு போன் கால் இருக்கு.'

'மேடம், தீ!'

கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. 'அன்னைக்கு லிஸ்ட் எனக்கே முதல் நாள் சாயங்காலம்தான் வந்தது. மேலிடத்துல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. இப்ப நான் கீழ போய், என் கார்டு சிவப்புக் காட்டினா?'

அந்த அம்மாவை அடிக்க வேண்டும் என்று எட்டு மாசம் ஆசைப்பட்டவள் நான். அந்த நிமிஷம் பாவமாக இருந்தது. ஆனால் பாவப்படுகிற நேரமா அது? புகை எங்கள் மாடி வராந்தாவுக்கு வந்துவிட்டது.

கீழே கேட்டில் இருக்கிற செக்யூரிட்டிக்குப் போன் போட்டேன். எங்கள் லிங்கராஜபுரத்துக்காரர்தான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பார்ப்பேன். விஷயத்தைச் சொன்னதும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், அப்புறம் 'சாரிக்கா' என்றார். 'அக்கா, அவங்களுக்கு இன்னா பயம்? மறுபடி உள்ள விடமாட்டாங்கன்னுதானே? இருங்க.' இரண்டு நிமிஷத்தில் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. ரிசப்ஷனில் இருக்கும் பெரிய சோபாவை இழுத்துவந்து கார்டு கதவுக்கு நடுவில் குறுக்கே போட்டிருந்தார். கதவு சாத்தவே முடியாது. சோபா மேல் சம்மணம் போட்டு அவரே உட்கார்ந்துகொண்டிருந்தார்.

படத்தை எல்லாருக்கும் அனுப்பினேன். செக்கர் தம்பி அதைப் பெரிதாக்கி, பின்னால் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, தன் கைக்கடிகாரத்தையும் பார்த்து, 'இப்ப எடுத்த படம்தான்' என்றான். செக்கர் கையெழுத்து விழுந்துவிட்டது. அத்தனை பேரும் எழுந்தார்கள்.

சும்மா எழுந்தார்களா? போன தடவை செருப்பு மாறிப் போனவர்களைப் பார்த்தவர்கள் இல்லையா? டிபன், தண்ணீர் பாட்டில், போர்வை, குடை, சாமி படம், மணி பிளான்ட் தொட்டி, ஒருவர் தன் நாற்காலியையே தூக்கிக்கொண்டார், முதுகு வலிக்கு அதுதான் ஒத்துவருமாம். இருமிக்கொண்டே, கண்ணில் நீர் வடிய, சாமானோடு இறங்கினோம். எச்.ஆர். மேடம் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தார். கீழே வந்த தீயணைப்பு வண்டிக்காரர் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, வீடு காலி பண்ணுகிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டார். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேருக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தீயணைப்புக்காரர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த வாரம் கம்பெனி எனக்கு மெமோ கொடுத்தது. கட்டடத்தைக் காலி செய்ய இருபத்தாறு நிமிஷம் ஆகியிருக்கிறது, சென்ற முறையோடு ஒப்பிட்டால் வார்டனின் திறமை மிகவும் குறைந்திருக்கிறது, மூன்று நாளுக்குள் விளக்கம் தேவை. செக்யூரிட்டிக்கும் ஒரு மெமோ, சோபாவில் கீறல் விழுந்ததற்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராகப் பஸ் பிடித்து மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒக்கலிபுரத்துக்கு நடந்தேன். போன் பண்ணவில்லை, பண்ணினால் எடுக்கமாட்டாள். அவளேதான் கதவைத் திறந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், கையில் சிவப்புப் பேனா. பக்கத்துப் பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்கிறாளாம். 'உள்ள வா' என்றாள், சிரிக்கவில்லை.

நான் உட்கார்ந்ததும் கொட்ட ஆரம்பித்தேன். புகை, காற்புள்ளி, மேக்கர் செக்கர், பாட்டிலை மடியில் வைத்த மேடம், சோபா, நாற்காலியைத் தூக்கிய மனுஷன், மெமோ எல்லாம். சோபா வந்தபோது அவளுக்கு உதடு துடித்தது. நாற்காலி வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். ஒன்பது வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. வெளியே ஒரு ரயில் போய் முடிகிறவரை இரண்டு பேரும் சிரித்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அடக்க முடியாமல், 'என் பிள்ளை மேல சத்தியம்டி, அன்னைக்கு எனக்கு...' என்று ஆரம்பித்தேன்.

'போதும் நிறுத்து' என்றாள். 'உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். என் கார்டை வாங்கி உன் சட்டைல அப்படித் தேய்ச்சியே, தெரிஞ்சவ தேய்ப்பாளா?'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அப்ப எட்டு மாசமா ஏண்டி என்னைக் கொன்னே? ஏண்டி போனை எடுக்கல?'

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

'வேற யாரைடி திட்டறது? கவர் கொடுத்த பசங்க மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்ல. அந்த லெட்டர்ல ஒருத்தர் பேர் கிடையாது. பதில் மெயில் போட்டா திரும்பி வருது. அந்த எச்.ஆரை நினைச்சா ஒரு பாட்டில்தான் கண்ணு முன்னாடி வருது. என் வேலையை யாரு எடுத்தான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. கையைப் பிடிச்சு வெளிய இறக்கினது யாருன்னு மட்டும்தான் தெரியும்.'

அழுதேன். அவள் எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள். எனக்கு ஆசை விடவில்லை, கேட்டுவிட்டேன். 'இப்பவாவது கோபம் போச்சா?'

கொஞ்ச நேரம் யோசித்தாள். எப்போதுமே அவள் யோசிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள்.

'இல்லடி. பொய் சொல்ல மாட்டேன். உன் மேல தப்பில்லன்னு தெரிஞ்சும் போகல. நீ வா, அடிக்கடி வா. ஆனா இனிமே நீ எழுந்து வான்னு கூப்பிட்டா, நான் ஒரு தடவை யோசிப்பேன். அது என் கையில இல்ல.'

சரி என்றேன். அவள் சமையலறைக்குப் போய் இரண்டு தட்டு எடுத்துவந்தாள். நாங்கள் சாப்பிட்டோம்.